கூட்டுப் பெயரில் உள்ள வீட்டைப் பிரிவுக்குப் பின் ஒருவர் பெயருக்கு மாற்றுவது: நெல்லைப் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

பெருமாள்புரத்திலோ கே.டி.சி. நகரிலோ கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஒரு வீடு. வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது. இருவரும் பிரிந்துவிட்டார்கள், வீடு ஒருவருக்கே என்று பெரியவர்கள் வைத்துப் பேசி முடித்தும் ஆகிவிட்டது. இதற்குப் பிறகு பலரும் போகும் வழி, முதலில் விவாகரத்துத் தீர்ப்பு, அப்புறம் பத்திர ஆபீஸ். இந்த வரிசையில் போனால் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். தீர்ப்பு வரும் முன்பே பத்திரம் பதிவாகிவிட வேண்டும். அதற்கும் முன்னால் வங்கியின் சம்மதம் கையில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான்.

தீர்ப்புக்கு முன்பா, பின்பா?

தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலை (கூட்டு உரிமையாளர் தன் பங்கை மற்றவருக்கு விடுவது), தானசெட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் கொடுப்பது), பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். முன்பு இவை 25,000, 4,000 என்று இருந்து 2023 ஜூலையில் கூடின. ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் கணவனும் மனைவியும் வருகிறார்கள். எத்தனை வருடம் பிரிந்து இருந்தாலும், தீர்ப்பு வரும்வரை அவர்கள் கணவன் மனைவிதான். நீதிமன்றம் ‘பிரிந்து வாழலாம்’ என்று மட்டும் உத்தரவிட்டிருந்தாலும் திருமணம் நிற்கிறது. தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் சட்டத்தின் கண்ணில் அன்னியர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனைக்கு 21,78,000. கட்டட மதிப்பு 20,00,000. மொத்தம் 41,78,000, விட்டுக்கொடுக்கும் பாதிப் பங்கு 20,89,000. தீர்ப்புக்கு முன் விடுதலைப் பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வை 20,890, பதிவுக் கட்டணம் உச்சவரம்புப்படி 10,000, ஆக 30,890 ரூபாய். தீர்ப்புக்குப் பின் கிரயமாக எழுதினால் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 1,88,010 ரூபாய். அன்னியர்களுக்குள் எழுதும் விடுதலைக்கும் தீர்வை 7 சதவீதம்தான். பத்திரத்தின் பெயரை மாற்றித் தப்ப முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதியும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை உண்டு. ஆனால் அது 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரைதான். மாநகராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்கு அநேகமாக எட்டாது.

வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் தீர்வை பங்கின் முழு மதிப்புக்குத்தான். கடனைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கட்டலாம் என்று நினைத்துப் பணம் குறைத்துக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பத்திரம் நிலுவையில் நின்றுவிடும்.

பங்கு எவ்வளவு என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

திருமணம் ஆகிவிட்டதாலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பாதி வந்துவிடும் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. பத்திரத்தில் பெயர் இருந்தால் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எழுதாமல் விட்டிருந்தால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வரும்: அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு, அதற்குச் சான்று இல்லையென்றால் சரிபாதி. ஆகவே முன்பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரம், நகையை விற்ற ரசீது, அப்பா கொடுத்த பணம் வந்த பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். ‘என் நகையை வைத்துத்தான் மனை வாங்கினோம்’ என்ற வாய்ப்பேச்சு பேச்சுவார்த்தைக்கு உதவும், நீதிமன்றத்தில் நிற்காது.

எடுக்க வேண்டிய தாள்கள்:

- இருவர் பெயரிலும் உள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள்
- வில்லங்கச் சான்று, குறைந்தது 30 ஆண்டுக்கு. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் எடுக்கலாம்
- பட்டா, மாநகராட்சிக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்
- கட்டட அனுமதியும் வரைபடமும்
- சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண்
- வங்கியின் கடன் அறிக்கை, இன்றைய பாக்கித் தொகையுடன்

நம் பக்கத்தில் தாள்களில் வரும் சிக்கல்களுக்குத் தனிக் குணம் உண்டு. மாவட்டப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாய்ப் பத்திரத்தில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று இருக்கும். தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து வீடு என்றால் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருக்கும். 2019 நவம்பரிலிருந்து அது தென்காசி மாவட்டம். புதுப் பத்திரத்தில் இன்றைய மாவட்டத்தை எழுதி, பழைய பெயரையும் ‘முன்பு’ என்று சேர்த்துவிட்டால் பின்னால் வங்கி வழக்கறிஞர் கேள்வி கேட்க மாட்டார்.

அடுத்தது சர்வே எண். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் 1994இல் மாநகராட்சிக்குள் வந்தவை. பழைய பத்திரத்தில் கிராம சர்வே எண் மட்டும் இருக்கும்; நகர அளவை முடிந்த இடங்களில் இப்போதைய பதிவேட்டில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று இருக்கும். இரண்டையும் பத்திரத்தில் போட வேண்டும். ஒன்றை விட்டால் பட்டா மாறுதல் அங்கேயே முடங்கும். கிராமத்து நத்தம் வீடு என்றால், வீட்டின் மீது இருவர் பெயரிலும் நத்தம் பட்டா இருக்கிறதா, அல்லது மாமனார் பெயரிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். மாமனார் பெயரில் இருந்தால் அது கூட்டுச் சொத்தே இல்லை. இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது.

அடிமனை கோயிலுடையது, மேல்கட்டடம் மட்டும் உங்களுடையது என்றால் பத்திர ஆபீசுக்குப் போகும் முன் அறநிலையத்துறையிடம் போக வேண்டும். வீட்டு வசதி வாரிய வீடு என்றால் வாரியம் விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையும் தவணை ரசீதும் மட்டும் இருந்தால் விடுதலை செய்வதற்கு உங்களிடம் உரிமையே இன்னும் வரவில்லை.

கடைசியாக, இனிஷியல். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தில் பத்திரம், பிரிந்தபின் அப்பா இனிஷியலுக்குத் திருத்திய ஆதார். பத்திர நாளன்று இது பெரிய தலைவலி. பத்திரத்தில் ‘இந்தப் பெயரிலும் அந்தப் பெயரிலும் அழைக்கப்படும் ஒரே நபர்’ என்று தெளிவாக எழுதி, இரண்டு அடையாளச் சான்றையும் கொண்டு போங்கள்.

வங்கி: எல்லோரும் கடைசியில் நினைப்பது, முதலில் செய்ய வேண்டியது

விடுதலைப் பத்திரம் உரிமையை மாற்றும், கடனை மாற்றாது. கணவர் தன் பாதியை மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வங்கிப் புத்தகத்தில் அவர் இன்னும் கடன்காரர்தான். தவணை தவறினால் அவர் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். நாளை அவர் இன்னொரு வீட்டுக்குக் கடன் கேட்டால் பழைய கடனைக் காட்டிக் குறைப்பார்கள். ‘அவள் கட்டிவிடுவாள்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் அது உங்கள் இருவருக்கும் இடையேதான், வங்கியைக் கட்டுப்படுத்தாது.

வங்கி ஒரு கடிதத்தின் பேரில் ஒருவர் பெயரை எடுத்துவிடாது. வீட்டில் தங்கப்போகிறவரின் சம்பளமோ தொழில் வருமானமோ தனியாகவே அந்தத் தவணையைத் தாங்குமா என்று புதிதாகக் கணக்கிடும். தாங்காது என்றால் மூன்று வழி: அப்பா, அண்ணன் போன்ற ஒருவரை இணைக் கடன்தாரராகச் சேர்ப்பது, ஒரு தொகையைக் கட்டி அசலைக் குறைப்பது, அல்லது வேறு வங்கிக்கு மாற்றுவது. மாறும் வட்டி விகிதக் கடன் என்றால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் அந்த விதியைச் சொல்லுங்கள்.

ஒரே வங்கியில் முடிந்தால் அதுவே சுகம். வேறு வங்கிக்கு மாற்றுவதில் ஒரு முடிச்சு விழும். புது வங்கி, ‘சொத்து ஒருவர் பெயரில் வந்தால்தான் பணம்’ என்கும். பழைய வங்கி, ‘பணம் வந்தால்தான் மூலப் பத்திரம்’ என்கும். விட்டுக்கொடுப்பவரோ, ‘என் பங்குப் பணம் கைக்கு வந்தால்தான் கையெழுத்து’ என்பார். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே நாளில் மூன்று பத்திரங்கள், இந்த வரிசையில்:

1. பழைய வங்கி எழுதும் ரசீது ஆவணம். கடன் தீர்ந்தது, உரிமை ஆவண ஒப்படைப்பு (வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஈடாகக் கொடுத்தது) நீங்கியது என்பதற்கான பதிவு.
2. விடுதலை அல்லது செட்டில்மெண்ட் பத்திரம்.
3. புது வங்கிக்கு உரிமை ஆவண ஒப்படைப்புக் குறிப்பாணை.

புது வங்கியின் அனுமதிக் கடிதத்தை முன்பே வாங்கி, பழைய வங்கியின் பெயருக்கு ஒரு வரைவோலை, விட்டுக்கொடுப்பவர் பெயருக்கு ஒரு வரைவோலை என்று தயாராக வைத்து, இரண்டு வங்கி அலுவலர்களையும் அன்று சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்ல வேண்டும். சில வங்கிகள் பணம் வரவான அன்றே ரசீது எழுத வராது. அப்போது முதல் பத்திரத்தை மட்டும் சில நாள் முன்னால் தள்ளி, அந்த இடைவெளிக்குப் புது வங்கியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கடன் முழுதாகத் தீர்ந்தபின் 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. ரசீது ஆவணம் பதிவாகாமல் விட்டால் கடன் அடைந்த பிறகும் வில்லங்கச் சான்றில் அந்த வங்கியின் பெயர் வருடக்கணக்காக நிற்கும்.

விலை பேசுவது

வழிகாட்டி மதிப்பு தீர்வைக்கு மட்டும். உங்களுக்குள் பேச வேண்டியது சந்தை விலை. வீடு 60 லட்சம் போகும், கடன் பாக்கி 20 லட்சம் என்றால் மிஞ்சுவது 40 லட்சம். சரிபாதி என்றால் விட்டுக்கொடுப்பவருக்கு 20 லட்சம், கடன் முழுவதும் தங்குபவர் தலையில். பிரிந்த தேதிக்குப் பின் தவணையை ஒருவரே கட்டியிருந்தால் அந்த அசல் பகுதியைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். ஜீவனாம்சம், பிள்ளைகள் படிப்புச் செலவு இவற்றுக்கு ஈடாக வீட்டின் பங்கை விட்டுக்கொடுப்பது நம் ஊரில் அதிகம் நடக்கும் ஏற்பாடு. அப்படியானால் எதற்கு ஈடாக எது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பிள்ளைகளின் ஜீவனாம்ச உரிமையை அப்பாவோ அம்மாவோ ஒரேயடியாக விட்டுக்கொடுத்து எழுதினாலும் நீதிமன்றம் பின்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

‘ரெண்டு பேருக்கும் வேண்டாம், பிள்ளை பேருக்கு எழுதிடுவோம்’ என்று பெரியவர்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை பெயருக்கு வீடு போய்விட்டால், அதை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். புது வங்கிக் கடன் என்ற பேச்சே எழாது. கடன் உள்ள வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

எந்தப் பத்திரம்?

பணம் கைமாறுகிறது என்றால் விடுதலைப் பத்திரம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விடுவது, பணம் வாங்கிக்கொண்டு விட்டாலும், விடுதலைதான், கிரயம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1968இலேயே சொல்லிவிட்டது. பணம் இல்லை, சும்மா விட்டுக்கொடுக்கிறார் என்றால் தானசெட்டில்மெண்ட். இதில் பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் சுவாதீனம் பெற்றதும் பத்திரத்திலேயே வர வேண்டும். இல்லையென்றால் பின்னால் ரத்து செய்யப் பார்ப்பார்கள். ‘மறுமணம் செய்தால் திரும்பத் தர வேண்டும்’, ‘விற்கக் கூடாது’ போன்ற நிபந்தனைகளை எழுதாதீர்கள். எழுதினால் எந்த வங்கியும் அந்த வீட்டின் மேல் கடன் தராது.

விலைக்கு வாங்கிய சொத்துக்குக் கணவன் மனைவி விடுதலைப் பத்திரம் எழுதினால் சில அலுவலகங்களில் ‘இது பூர்வீகச் சொத்தா?’ என்று கேள்வி எழும். வரைவை முன்கூட்டியே சார் பதிவாளரிடம் காட்டி, எந்தப் பத்திர வகையில் ஏற்பார் என்று கேட்டுவிட்டு எழுதினால் அலைச்சல் மிச்சம்.

இருபது ரூபாய், நூறு ரூபாய்த் தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய ‘பிரிவினை ஒப்பந்தம்’, சமுதாயச் சங்கத்திலோ ஜமாத்திலோ சபையிலோ பேசி எழுதிய தாள், இவை எதுவும் வீட்டை மாற்றாது. ‘அத்து விட்டாச்சு’ என்று ஊர் சொன்னாலும் பதிவுச் சட்டத்தின் 17, 49ஆம் பிரிவுகள் பதிவாகாத தாளுக்கு அசையாச் சொத்தில் மதிப்புத் தருவதில்லை. இசுலாமியர்களிடையே வாய்மொழி ஹிபா (தானம்) செல்லும். ஆனால் பட்டாவும் வங்கியும் பதிவான தாளைத்தான் கேட்கும். எனவே அதையும் பத்திரமாகப் பதிந்துகொள்வது நல்லது.

நீதிமன்றத் தேதிகளோடு பொருத்துவது

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் சம்மத விவாகரத்துக் கேட்க ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு இரண்டாண்டு என்கிறது. மனு போட்டபின் இரண்டாம் முறை ஆஜராக 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் காலம். அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரம் எழுத வேண்டிய காலம் இந்த இடைவெளிதான்.

1. கூட்டு மனுவிலேயே வீட்டின் விவரம், யாருக்கு, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் பத்திரம் என்று அட்டவணையுடன் எழுதுங்கள்.
2. முதல் ஆஜர் முடிந்ததும் வங்கி அனுமதி, பத்திர வரைவு வேலைகள்.
3. இரண்டாம் ஆஜருக்கு ஒரு மாதமாவது முன்னால் பதிவு.
4. பதிவான பத்திரத்தின் நகலை இரண்டாம் ஆஜர் நாளில் தாக்கல்.

காலம் தளர்த்தக் கேட்கும் வழக்கறிஞரிடம் வீட்டுப் பத்திரம் இன்னும் ஆகவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் தீர்ப்பு முந்திக்கொண்டால் மேலே போட்ட கணக்கு தலைகீழ். இசுலாமியர்களின் முபாரத் (இருவர் சம்மத மணமுறிவு), குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) வழியில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே எழுத்தில் கையெழுத்திட்ட அன்றே மணமுறிவு ஏற்படலாம். பத்திரம் அதற்கு முன்.

விட்டுக்கொடுப்பவருக்கு ஒரு நியாயமான பயம் இருக்கும்: பத்திரம் எழுதிக் கொடுத்தபின் மற்றவர் இரண்டாம் ஆஜருக்கு வராமல் போனால்? தொகை முழுவதையும் ஒரே நாளில் முடிக்காமல், ஜீவனாம்சத் தொகையின் ஒரு பகுதியை இரண்டாம் ஆஜர் நாளில் நீதிமன்றத்தில் கொடுப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். வீட்டைப் பெறுபவருக்குப் பணம் வர வேண்டியிருந்தால் இந்தப் பிடி வேலை செய்யும். ஆனால் பங்குக்கான விலையில் பாக்கி வைக்காதீர்கள். ‘பாக்கி வந்தபின் விடுதலை’ என்று பத்திரத்தில் எழுதினால் அது விடுதலையே இல்லை.

ஏற்கெனவே தீர்ப்பு ஆகிவிட்டதா? தீர்ப்பிலேயே வீடு இன்னாருக்கு என்று சமரச விதிகள் இருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பதிவுக்குக் கொடுக்கலாம். வழக்கின் பொருளாக அந்த வீடே இருந்திருந்தால் பதிவுச் சட்டத்தின் 17(2)(6) பிரிவு துணைக்கு வரும். அதனால்தான் கூட்டு மனுவில் சொத்து அட்டவணை முக்கியம். பத்திரங்களைப் பதிவுக்குத் தர உள்ள 4 மாதக் கெடு நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை

இருவர் வாங்கிய பத்திரத்தின் எண், ஆண்டு, அலுவலகம், இருவரும் பிரிந்து வாழும் உடன்பாட்டின் பேரில் இது எழுதப்படுகிறது என்ற வாசகம், மனு நிலுவையில் இருந்தால் அதன் எண், தொகையும் வரைவோலை எண்ணும், விடும் பங்கின் அளவு, சுவாதீனம் ஒப்படைத்த தேதி, கடன் யார் பொறுப்பு, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, வைப்புத் தொகை யாருக்கு, நான்கெல்லை. பிரிவு உடன்பாடு பற்றிய அந்த ஒரு வாசகம் சும்மா இல்லை. மனைவிக்கு ஈடின்றி மாற்றிய சொத்தின் வருமானத்தைக் கணவர் கணக்கிலேயே சேர்த்து வரி போடும் விதிக்கு, பிரிந்து வாழும் உடன்பாட்டின் பேரில் நடந்த மாற்றம் விலக்கு. வீட்டை வாடகைக்கு விடப் போகிறவர்களுக்கு இது காசு.

நான்கெல்லையைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். பதினைந்து வருடத்துக்கு முன் வடக்கே ‘காலி மனை’ என்று இருந்த இடத்தில் இன்று இரண்டு மாடி வீடு நிற்கும். நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். பின்னால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத மற்றவரைத் திரும்ப அழைக்க வேண்டும். அவர் வருவாரா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு நாள்

இணையத்தில் விவரம் ஏற்றி, கட்டணத்தை இணைய வழியில் செலுத்தி, டோக்கன் எடுக்க வேண்டும். சொத்து எந்தச் சார் பதிவாளர் எல்லைக்குள் வருகிறது என்று தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாநகரத்துக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்துத் தெரு வேறு வேறு அலுவலகமாக இருக்கலாம். கட்டட விவரப் படிவம், புவிக்குறியீட்டுடன் கூடிய வீட்டுப் புகைப்படம், மூலப் பத்திரம், இருவரின் ஆதார், பான், இரண்டு சாட்சிகள். கட்டடத்தைச் சார் பதிவாளர் நேரில் பார்க்க வந்தால் வீட்டுச் சாவி கையில் இருக்க வேண்டும். பிரிந்த வீடுகளில் பூட்டு ஒருவரிடமும் சாவி இன்னொருவரிடமும் இருப்பது சாதாரணம்.

ஒரே அறையில் உட்கார விருப்பமில்லை என்றால், இருவரும் வெவ்வேறு நேரத்தில் ஆஜராகப் பதிவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. சார் பதிவாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றையும் கேட்பார்கள். அதிகாரப் பத்திரத்தில் ‘இந்த வீட்டில் என் பங்கை இன்னாருக்கு விடுதலை செய்ய’ என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். பொதுவாக ‘விற்க’ என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வரி

கணவன் மனைவிக்குள் ஈடின்றி வரும் சொத்துக்குப் பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. தீர்ப்புக்குப் பின் அவர் ‘உறவினர்’ அல்ல. முத்திரை மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் கேள்வி வரும். தீர்ப்புக்கு முன் எழுதச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

பணம் வாங்கிக்கொண்டு விடுபவருக்கு மூலதன ஆதாயம் உண்டு. வாங்கி 24 மாதம் தாண்டியிருந்தால் நீண்ட கால ஆதாயம், 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதென்றால், இந்தியாவில் வசிப்பவர் விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 50 லட்சமும் அதற்கு மேலும் தொகை என்றால் கொடுப்பவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். விடுபவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த வரம்பே கிடையாது. பிடிக்க வேண்டிய விகிதமும் அதிகம், ஆடிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். ரொக்கம் வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்துக்காக ரொக்கம் கைமாறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

பதிவுக்குப் பின்

உட்பிரிவு இல்லாததால் பட்டா மாறுதல் விண்ணப்பம் பதிவு அலுவலகத்திலிருந்தே வருவாய்த்துறைக்குப் போகும். போயிற்றா என்று விண்ணப்ப எண்ணை வைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்தும் கூட்டுப் பட்டாவாகவே நின்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு. அடுத்து மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்பு, குடிநீர், பாதாளச் சாக்கடை. வீட்டுக் காப்பீட்டிலும் கடன் காப்பீட்டிலும் வாரிசு பெயரை மாற்றுங்கள். புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள்.

மற்றவர் கையெழுத்திட மறுத்தால்

கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கு குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போகும். சார்பு நீதிமன்றத்தில் போட்டால் திருப்பப்படும். பாகப்பிரிவினை கேட்கும் வழக்கில், இரண்டாக வெட்ட முடியாத வீடு என்றால் 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி அதை ஏலத்தில் விற்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஒருவர் இப்படி விற்கக் கேட்டால் மற்றவர் அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. வீட்டில் தங்க விரும்புபவர் முதலில் ஏலத்தில் விற்கக் கேட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், சமரச மையத்துக்கும் அங்கிருந்தே போகலாம். தீர்ப்பு வந்தும் கையெழுத்திட வராதவருக்குப் பதிலாக, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 21ஆம் கட்டளை 34ஆம் விதிப்படி நீதிமன்றமே பத்திரத்தை எழுதிக் கொடுக்கும்.

வழக்கு நடக்கும்போது ஒருவர் காலமானால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும். கணவர் இந்துவாக இருந்து உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவும் வாரிசு. தீர்ப்பு ஆகியிருந்தால் மனைவி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் அந்தப் பாதி வீட்டுக்கு மாமியாரோடும் பேச வேண்டிவரும்.